கடைசல் லேத்துக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. தேய்ந்துபோன கல்லெழுத்தை வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். டார்ச்சை எழுத்துக்கு நேர் எதிரே பிடித்தால் கல் முழுக்க ஒரே வெளுப்பாகி எழுத்து கல்லோடு கல்லாக மறைந்துவிடும். அதே டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கீறலின் ஒரு கரை வெளுக்கும், மறு கரை கறுக்கும், எழுத்து எழுந்து நிற்கும். டார்ச்சும் மாறவில்லை, பேட்டரியும் மாறவில்லை. வெளிச்சம் வந்த பக்கம் மட்டும்தான் மாறியது. இந்தப் பதிவு கல்வெட்டைப் பற்றியது இல்லை, மரம் கடையும் லேத்துக்கு எந்த விளக்கு வாங்குவது, அதை எங்கே மாட்டுவது என்பதைப் பற்றியது. ஆனால் சொல்ல வருவதன் பாதி அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

நம் பக்கத்துக் கடைசல் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை, நடுவில் ஒரு டியூப் லைட், லேத் சுவரோரமாக. வேலை செய்பவர் லேத்தைப் பார்த்து நின்றால் விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தலையின் நிழலும் தோளின் நிழலும் உளிமுனை மேலேயே வந்து விழும். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தால் நிழலும் கூடவே குனியும். வெளிச்சம் போதவில்லை என்று தோன்றியதும் மின்சாதனக் கடையில் போய்க் கேட்பது, “இதைவிடப் பெரிய வாட்ஸ்ல இருக்கா?” பெரிய வாட்ஸ் வரும், அதே இடத்தில் மாட்டப்படும், நிழல் முன்னைவிட அழுத்தமாக விழும். என் கட்சி இதுதான்: லேத் விளக்கைப் பொறுத்தவரை வாட்ஸ் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம் வரும் திசை. இரண்டாவது, அந்த வெளிச்சம் துடிக்காமல் நிற்கிறதா என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சின்ன விளக்கே போதும். இரண்டும் தப்பாக இருந்தால் எவ்வளவு பெரிய விளக்கும் உதவாது, சில நேரம் ஆபத்தாகவும் முடியும்.

கடையும்போது கண் எதைத் தேடுகிறது என்று முதலில் பார்ப்போம். சுழலும் மரத்தின் மேல்விளிம்பை அது தொடர்ந்து பார்க்கிறது. கட்டில் காலின் குடம் எங்கே உப்புகிறது, கழுத்து எங்கே ஒடுங்குகிறது, குமிழ் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அந்த விளிம்புக் கோட்டில்தான் தெரியும். கை பழகியவர்கள் உளிமுனையைவிட அந்தக் கோட்டைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அடுத்தது மேற்பரப்பு: உளி விட்டுப்போன வரி, நார் பிய்ந்த இடம், உப்புத்தாள் போட்டும் போகாத கீறல். இந்த வரிகளின் உயரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சின்ன மேட்டைக் கண் நேரடியாகக் காண்பதில்லை, அது போடும் நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. கணக்கு எளிது. 0.1 மில்லிமீட்டர் உயர வரியின் மேல் 45 பாகைச் சாய்வில் வெளிச்சம் விழுந்தால் நிழலின் நீளமும் 0.1 மில்லிமீட்டர்தான். சாய்வை 5 பாகைக்குக் குறைத்தால் அதே வரி 1.1 மில்லிமீட்டருக்கு மேல் நிழல் போடும். பதினோரு மடங்கு. தலைக்கு மேலிருந்து நேரே இறங்கும் வெளிச்சத்தில் அந்த நிழல் இல்லாமலே போய்விடும். பட்டறையில் வழவழவென்று தெரிந்த கட்டில் கால், வாங்கியவர் வீட்டு ஜன்னலோரம் போனதும் வரிவரியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கடைந்தவர் கையிலோ கண்ணிலோ குறையில்லை. வரியைக் காட்டும் நிழல் அந்தப் பட்டறையில் விழவே இல்லை, அவ்வளவுதான்.

சாய்ந்த வெளிச்சம் என்றால் எந்தப் பக்கமிருந்து சாய்ந்து? இங்கேதான் லேத்துக்கே உரிய ஒரு நுணுக்கம் வருகிறது. நீளமான கட்டையைக் கடையும்போது உளி விடும் வரிகள் மோதிரம் மாதிரி கட்டையைச் சுற்றி ஓடும். அந்த மோதிரங்களைக் குறுக்கே கடந்து போகும் வெளிச்சம்தான் அவற்றுக்கு நிழல் தரும். ஆகவே விளக்கு கட்டையின் ஒரு முனைக்கு அப்பால், வசதியான பக்கமாகப் பார்த்தால் டெயில்ஸ்டாக் பக்கம், கட்டையைவிடச் சற்றே உயரத்தில் இருந்து, கட்டையின் நீளத்தோடு ஒட்டி ஓடும்படி விழ வேண்டும். எதிர்ச்சுவரிலிருந்தோ முன்பக்கத்திலிருந்தோ வரும் வெளிச்சம் மோதிரங்களின் போக்கோடு சேர்ந்தே ஓடுவதால் அவற்றைக் காட்டாது. அந்தப் பக்க வெளிச்சம் உதவும் வேலை வேறு. சதுரக் கட்டையை உருட்டும்போது நீளவாக்கில் மிஞ்சி நிற்கும் தட்டையான பட்டையைப் பார்க்க அதுதான் வேண்டும். கிண்ணத்தின் உட்புறம் கடைவதானால் கதை மறுபடி மாறும். அங்கே விளக்கு விளிம்புக்கு வெளியே ஒரு பக்கமாக நின்று குழிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நிலையாக ஆணியடித்த விளக்கு எதுவாக இருந்தாலும் இதில் ஒரு வேலைக்குத்தான் சரிப்படும். கையால் இழுத்தால் வந்து, விட்ட இடத்தில் நிற்கும் மடக்குக் கை கொண்ட விளக்கை நான் வற்புறுத்துவது இதனால்தான். இன்னொன்று. மோதிர வரிகள் லேத் ஓடும்போதே தெரியும், ஏனென்றால் எத்தனை சுற்று சுற்றினாலும் அவை அதே இடத்தில்தான் இருக்கும். நார் பிய்ந்த இடம் சுழற்சியில் கலங்கி மறைந்துவிடும், நிறுத்திப் பார்த்தால்தான் அகப்படும்.

வாட்ஸ் ஏன் மூன்றாவது என்பதற்கு வருகிறேன். விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். ஒரு 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஏறக்குறைய 800 லூமென் தரும். அது சுற்றிலும் சமமாகப் பரவுவதாக வைத்துக்கொண்டால், 2 மீட்டர் தூரத்தில் அது நேராகத் தரும் வெளிச்சம் 16 லக்ஸ். அதே பல்பை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் 256 லக்ஸ். உள்ளே வெள்ளை அடித்த ஒரு கூம்பு மூடி போட்டு, வீணாக மேலே போகும் பாதியைக் கீழே திருப்பினால் 500 லக்ஸை எட்டிவிடும். இந்திய உள்ளக வெளிச்சத் தரம் ஐ.எஸ். 3646, மரவேலையில் நடுத்தர இயந்திர வேலைக்கு 300 முதல் 750 லக்ஸ் வரையும், நுண்ணிய இயந்திர வேலைக்கும் மெருகுக்கும் 500 முதல் 1000 வரையும் சொல்கிறது. ஐரோப்பியத் தரமான இ.என். 12464-1, கடைசல் உட்பட மர இயந்திர வேலைகளுக்கு 500 லக்ஸ் என்கிறது. இரண்டு தரமும் கேட்கும் அளவை ஒரு 9 வாட்ஸ் பல்பு கைக்கெட்டும் தூரத்தில் நின்று கொடுத்துவிடும். கூரையிலிருந்து அதே 500 லக்ஸைக் கொண்டுவர வேண்டுமென்றால் பட்டறை முழுக்க டியூப் லைட் வரிசை போட வேண்டும். அப்போதும் உங்கள் தலை குறுக்கே வரும்.

அந்த ஐரோப்பியத் தரத்தில் மர இயந்திரங்களுக்கான வரியில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு: ஸ்ட்ரோபோஸ்கோப் விளைவைத் தடுக்க வேண்டும் என்று. பெயர்தான் பெரிது. நம் ஊர்ப் பட்டறைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தால் திடுக்கிடும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இருமுறை பூஜ்யத்தைத் தொடுவதால், மின்னோட்டத்தை அப்படியே பின்பற்றும் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சுழலும் பொருளை அந்த விளக்கு விட்டுவிட்டுத்தான் காட்டுகிறது. கட்டில் காலுக்கு லேத்தில் ஏற்றுவது சதுரக் கட்டை, நாலு மூலை. அது நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் சரியாகக் கால் சுற்று திரும்பும். ஒரு மூலை இருந்த இடத்தில் அடுத்த மூலை வந்து நிற்கும். துடிக்கும் வெளிச்சத்தில் அந்தக் கட்டை அசையாமல் நிற்பது போலத் தோன்றும். பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் நாலு முனை மோட்டாரின் வேகம் எவ்வளவு தெரியுமா? சுமை ஏறியபின் சுமார் 1440. நேர்விகித புல்லியில் அந்த வேகத்தில் ஓடும் சதுரக் கட்டை ஒவ்வொரு துடிப்புக்கும் 86.4 பாகை திரும்புகிறது. கண்ணுக்கு அது 3.6 பாகை பின்னோக்கி நகர்ந்ததாகப்படும். அதாவது, நிமிடத்துக்கு 1440 சுற்று முன்னோக்கிப் பறக்கும் கட்டை, வினாடிக்கு ஒரே சுற்று வீதம் மெதுவாகப் பின்னோக்கி உருள்வது போலத் தெரியும். ஓய்ந்து நிற்கப்போகும் லேத் எப்படித் தெரியுமோ, அப்படியே. கை நீட்டத் தோன்றும் காட்சி அது.

குண்டு பல்பு காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. உள்ளே சிவந்த இழை நூறில் ஒரு வினாடிக்குள் ஆறிப்போய்விடாது. சோக் வைத்த டியூப் லைட் வந்தபோது துடிப்பு கூடியது. பெரிய ஆலைகளில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டுச் சமாளித்தார்கள், ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசிக்கும். ஒற்றை ஃபேஸ் இணைப்பில் ஓடும் சின்னப் பட்டறைக்கு அந்த வழி இல்லை. ஒரே ஃபேஸில் எத்தனை விளக்கு போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே மங்கி ஒன்றாகவே பிரகாசிக்கும். எல்இடியில் நிலைமை இரண்டு கடைக்கோடிகளில் நிற்கிறது. எல்இடி சில்லு மின்னோட்டம் நின்ற நொடியே அணைந்துவிடும். அதனால் உள்ளே மின்னோட்டத்தைச் சமன் செய்யும் நல்ல டிரைவர் இருந்தால் துடிப்பே தெரியாது, மலிவுக்காக அதைச் சுருக்கியிருந்தால் பழைய டியூப் லைட்டைவிட மோசமாகத் துடிக்கும். இரண்டும் பெட்டியில் ஒரே மாதிரிதான் இருக்கும். தையல் மெஷினுக்கென்று காந்த அடி வைத்து விற்கும் வளைகழுத்து விளக்குகளைப் பலரும் லேத்துக்கு வாங்குகிறார்கள். வளைந்து நிற்கும் வசதி நல்லதுதான். ஆனால் நேரே 230 வோல்ட்டில் செருகும் மலிவான ரகங்களைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். விளக்கடியில் ஒரு வெள்ளைப் பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டிப் பாருங்கள். நல்ல விளக்கில் அது ஒரே புகையாகக் கலங்கும், துடிக்கும் விளக்கில் தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரியும். கைபேசி கேமராவை விளக்கின் அருகே கொண்டுபோனால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் அதே செய்திதான். சின்ன வயதில் பம்பரத்தில் கோடு போட்டு டியூப் லைட் அடியில் விட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

துடிப்பை அடியோடு ஒழிக்க நேர்வழி 12 வோல்ட் டிசி. கண்காணிப்புக் கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் அடாப்டர், அலுமினியப் பட்டையில் ஒட்டிய ஒரு முழ நீள எல்இடி ஸ்ட்ரிப், பால்நிற மூடி. உதிரியாக வாங்கிச் சேர்த்தால் ஒரு நல்ல உளியின் விலைகூட ஆகாது. கரண்ட் போனால் அதே ஸ்ட்ரிப்பை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டலாம், பேட்டரியில் துடிப்பு என்ற பேச்சே கிடையாது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் கிராமத்து லைனிலும் அடாப்டர் தன் 12 வோல்ட்டைக் குறையாமல் கொடுக்கும். இதில் எனக்குப் பிடித்த ஒரு சேதி உண்டு. கூரையில் இருக்கும் பழைய டியூப் லைட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. அது துடித்துக்கொண்டே லேத்தின் மேல் சராசரி 50 லக்ஸ் தரட்டும், பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவே ஏறி இறங்கட்டும். பக்கத்து விளக்கு துடிக்காமல் 500 லக்ஸ் கொடுத்தால் மொத்தம் 500-க்கும் 600-க்கும் இடையேதான் ஆடும், ஏற்ற இறக்கம் சுமார் 9 சதவீதம். 100 தடவைத் துடிப்புக்கு 8 சதவீதம் வரை ஆபத்து குறைவு என்று ஐ.இ.இ.இ. 1789 என்ற 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை வகுத்திருக்கிறது. ஏறக்குறைய அதன் வாசலுக்கு வந்துவிடுகிறோம். விளக்கைக் கிட்டே கொண்டுவருவது திசைக்காக மட்டும் இல்லை. தூரத்து விளக்கின் துடிப்பையும் அது அமுக்கிவிடுகிறது.

இதற்கெல்லாம் வரக்கூடிய மறுப்புகளில் மிகவும் மதிக்க வேண்டியது ஒன்று: “நம்ம பெரியவங்க இதெல்லாம் பார்த்தா கடைஞ்சாங்க? அவங்க வேலை இன்னைக்கும் நிக்குதே.” உண்மை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களையும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தையும் செய்த கைகளுக்கு லக்ஸ் கணக்கு தெரியாது. ஆனால் அவர்கள் எப்படிப்பட்ட வெளிச்சத்தில் வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையால் கயிறிழுத்துச் சுற்றும் கடைசல், வேகம் குறைவு. தரையில் உட்கார்ந்து, வாசலோரத்திலோ தாழ்வாரத்திலோ செய்த வேலை. பகல் வெளிச்சம் கதவு வழியாகப் பக்கவாட்டில், தாழ்வாக வந்து விழும், அது துடிக்கவும் துடிக்காது. நான் மேலே கேட்ட இரண்டும் அவர்களுக்கு விலையில்லாமல் கிடைத்தன. லேத்துக்கு மோட்டார் வைத்து, அதை உள்சுவரோரம் தள்ளி, தலைக்கு மேல் விளக்கு போட்டபோதுதான் இரண்டையும் நாம் இழந்தோம். பெரியவர்களின் வழி இந்தப் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது.

“அப்படியானால் பகல் வெளிச்சமே போதுமே” என்பது அடுத்த கேள்வி. முடிந்த இடத்தில் அதைவிட நல்லது இல்லை என்றுதான் நானும் சொல்வேன். மேகம் மூடிய நாளிலும் வெளியே 10,000 லக்ஸ் இருக்கும். உத்திரமேரூர் ஏறக்குறைய 12.6 பாகை வட அட்சத்தில் இருப்பதால் மார்கழியில் உச்சிச் சூரியன் 36 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும், ஏப்ரல் கடைசி வாரத்தில் தலைக்கு நேரே வரும், ஜூன் மாதத்தில் சற்று வடக்கே போய்த் திரும்பும். வருடத்தின் பெரும்பகுதியில் வடக்கு பார்த்த வாசலில் நேர் வெயில் விழாது, வானத்தின் சமமான வெளிச்சம் மட்டுமே வரும். லேத்தை அந்த வாசலுக்குக் குறுக்காக, டெயில்ஸ்டாக் வாசல் பக்கம் இருக்கும்படி போட்டால் சாய்வு வெளிச்சம் தானாக அமையும். புதிதாகக் கொட்டகை போடுபவர்கள் விளக்குக்குச் செலவழிக்கும் முன் இதை யோசிக்கலாம். ஆனால் வேலைக்கு ஒரு பருவம் இருக்கிறது. மார்கழியில் கல்யாணம் இல்லை, தையில் முகூர்த்தங்கள் குவியும். சீர் கட்டிலுக்கான வேலை அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் நடந்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களும், பகல் குறுகும் மாதங்களும் அவையே. வேலை அதிகமாகவும் வெளிச்சம் குறைவாகவும் இருக்கும் அந்த மூன்று மாதத்துக்காகவாவது பக்கத்து விளக்கு வேண்டும்.

“தொட்டுப் பார்த்தால் தெரியாததா?” என்பார்கள். விரல்நுனி உண்மையில் கண்ணைவிடக் கூர்மையாக வரியைக் கண்டுபிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் விரலுக்கு லேத் நிற்க வேண்டும். நிறுத்தி, தொட்டு, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி என்று நாலு காலுக்கு எத்தனை தடவை? நேரம் போவதால் ஓடும்போதே தொடும் பழக்கம் வந்துவிடுகிறது, உருண்ட கட்டையில் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும் பழக்கம்தான், மூலை மிஞ்சிய கட்டையில் தப்பிக்காது. விரலுக்கு உருவமும் தெரியாது. நாலு காலின் குடமும் ஒரே உயரத்தில் ஒரே வளைவில் இருக்கிறதா என்பது கண் விஷயம்.

அந்த உருவத்தைக் காட்ட இன்னொரு சின்ன ஏற்பாடு வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விளிம்புக் கோடு எதன் முன்னால் தெரிகிறது? லேத்துக்குப் பின்சுவரில் ரம்பமும் உளியும் பழைய காலண்டரும் தொங்கினால் கோடு அதில் கலந்துவிடும். பின்புறம் ஒரே நிறத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். தேக்கு, வாகை மாதிரி நிறமுள்ள மரத்துக்குச் சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர் போதும். வெட்பாலை மாதிரி வெளுத்த மரத்துக்கு ஒரு கறுப்புப் பலகையைச் சாய்த்து வைத்தால் போதும். சதுரக் கட்டையை உருட்டும்போது மூலைகள் ஓடும் இடம் மங்கலான புகையாகத் தெரியும், மரம் எதுவரை இருக்கிறது என்பதற்கு அந்தப் புகைதான் எல்லை. பின்புறம் சரியாக இருந்தால் அது தெளிவாகத் தெரியும். இதற்காகவும், கண் களைக்காமல் இருப்பதற்காகவும், பக்கத்து விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்து மற்ற இடமெல்லாம் இருட்டாக இருப்பதை நான் ஆதரிக்கவில்லை. கூரை டியூப் லைட் எரியட்டும். நிமிர்ந்து பார்க்கும்போது கண்ணுக்கு இளைப்பாற ஒரு மிதமான வெளிச்சம் சுற்றிலும் வேண்டும்.

பெரிய ஃப்ளட் லைட் ஒன்றை மாட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் மேலேயே வந்துவிட்டது. தலைவிளக்கைப் பற்றித்தான் தனியாகச் சொல்ல வேண்டும். நெற்றியில் மாட்டும் விளக்கு கையை விடுவிக்கிறது, நிழல் விழுவதே இல்லை என்று புகழ்கிறார்கள். நிழல் விழாததுதான் அதன் குறை. வெளிச்சம் கண் இருக்கும் இடத்திலிருந்தே புறப்படுவதால் வரியின் நிழல் வரிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், எழுத்துக்கு நேரே பிடித்த டார்ச் மாதிரி. ஆழமான குடுவைக்குள் எட்டிப் பார்க்க அது ஒன்றே வழி என்கிற நேரம் உண்டு, அப்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

சாய்வு விளக்கிலும் ஒரு நிஜமான சங்கடம் இருக்கிறது. தாழ்வாக வைத்த விளக்கு கண்ணில் அடிக்கும். முகக்கவசம் போட்டிருந்தால் அதன் மேலுள்ள கீறல் ஒவ்வொன்றும் மின்ன ஆரம்பிக்கும், அதனால் கவசத்தையே கழற்றிவைக்கத் தோன்றும். விளக்கை உயர்த்துவது இதற்கு வழியில்லை, மூடியை நீட்டுவதுதான் வழி. பல்போ ஸ்ட்ரிப்போ நின்ற இடத்திலிருந்து நேரடியாகத் தெரியக் கூடாது, அது வெளிச்சம் போடும் மரம் மட்டுமே தெரிய வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு போதிய வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கண் கூசுவதையும், கண்ணைக் களைக்கவைக்கும் அல்லது விபத்துக்கு இடம்கொடுக்கும் நிழலையும் தடுக்கச் சொன்னது. இரண்டு பேர் வேலை செய்யும் கொட்டகைக்கு அந்தச் சட்டம் வந்ததில்லை. கண் எல்லோருக்கும் ஒன்றுதான். இதில் வயது ஒரு பெரிய கணக்கு. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். “பையனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையே” என்று ஒரு மூத்த ஆசாரி சொன்னால் அவர் கை தளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவருக்கு விளக்கை இன்னும் ஒரு சாண் கிட்டே இழுத்து வைக்க வேண்டும்.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டில் காலுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. சன்னபட்டணத்திலும் அம்பாசமுத்திரத்திலும் போல, சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி நிறம் ஏற்றும் வேலை செய்பவர்களுக்குத்தான் இது முக்கியம். சாதாரண எல்இடியில் சிவப்பு மங்கித் தெரியும், அதைச் சரிக்கட்ட அரக்கைக் கூடுதலாக ஏற்றிவிடத் தோன்றும். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதையும், 4000 கெல்வின் அளவில் உள்ளதையும் அவர்கள் தேடி வாங்கலாம். மற்றவர்களுக்கு 80 போதும்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒன்று. விளக்கின் கையை லேத் உடம்பிலேயே காந்தத்தால் ஒட்டுவதைவிட, சுவரிலோ தனிக் கம்பத்திலோ மாட்டுவது நல்லது. சதுரக் கட்டை ஏற்றிய லேத் அதிரும், அதிர்வில் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், ஒயர் உராயும். 12 வோல்ட் ஒயர் உராய்ந்தால் விளக்கு அணையும். 230 வோல்ட் ஒயர் வார்ப்பிரும்பு லேத்தின் மேல் உராய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடாப்டரை மரத்தூள் படாத தூரத்தில் வைத்துவிடுங்கள். விளக்கின் கை எந்த நிலையிலும் சக்கின் சுற்றுக்குள் விழ முடியாத நீளத்தில் இருக்கட்டும். மூடியின் உள்பக்கத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் வெளிச்சம் குறையாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரியவரும்: காற்றில் மிதக்கும் நுண்தூள். மேல்விளக்கில் கண்ணுக்குப் படாத அந்தத் தூளைத்தான் இத்தனை நாள் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறோம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. முகமூடி போட மறந்திருந்தால் அந்த ஒளிக்கற்றையே நினைவுபடுத்தும்.

எதுவும் வாங்குவதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். முடித்து வைத்த கட்டில் கால் ஒன்றை லேத்தில் மறுபடி ஏற்றுங்கள், ஓட்ட வேண்டாம். கூரை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை முதலில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அதை டெயில்ஸ்டாக்குக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், கட்டையைவிட நாலு விரல் உயரத்தில், நீளவாக்கில் ஓடும்படி படுக்கவைத்துப் பாருங்கள். குடத்தின் தோளிலும் கழுத்து இறங்கும் இடத்திலும் இதுவரை இல்லாத வரிகள் எழும்பி வரும். எந்த இடத்தில் பிடித்தபோது அவை மிகத் தெளிவாகத் தெரிந்தனவோ, அந்த இடத்துக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவையுங்கள். விளக்கின் கை அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.